சிறுசோறும் சிற்றடுக்களையும்

கண்டி நகரத்துக் கடைகளில் குழந்தைகளுக்குரிய விளையாட்டுப் பொருள்கள் அடுக்கப்பெற்றிருக்கும் பகுதிக்குச் செல்வோர், அங்கே ஒரு முழுச் சமையலறையே சிறிய உருவத்தில் நிற்கக் காண்பர். மூன்று வயதுக் குழந்தையின் தோளளவு உயரம். பிளாஸ்டிக்கினால் ஆகிய அடுப்பு. திறந்து மூடத்தக்க போறணை. திருகியவுடன் சிவந்து ஒளிரும் விளக்கு. நீர் கொதிப்பதுபோல் ஒலி செய்யும் பொறி. இவற்றோடு காய், கனி, பாண், முட்டை என நாற்பது ஐம்பது சிறு துண்டுகள். கடுகண்ணாவையிலிருந்து நகரத்திற்கு வரும் தாயோ தந்தையோ, குழந்தையின் பிறந்த நாளை எண்ணி அதன் முன்னே நின்று விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்கின்றனர். குழந்தையோ அதற்குள் போறணையின் கதவைப் பத்து முறை திறந்து மூடிவிட்டது. வாங்குவதா, விடுவதா? வாங்குவதாயின் எத்தகையதை வாங்குவது?

வினா சிறியதுபோலத் தோன்றலாம். ஆயினும் ஒரு குடும்பத்தின் பல நாள் வருவாய் இதனால் கரைந்துபோகக் கூடும். குழந்தையின் உடல் நலமும் இதில் அடங்கியுள்ளது. அதன் அறிவும் கற்பனையும் வளரும் வழியும் இதனோடு தொடர்புடையது. ஆதலின், கடையில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு முன்னரே வீட்டிலிருந்து ஆராய்ந்து கொள்ளத்தக்க பொருள் இது.

முதலாவதாக, இவ்விளையாட்டு நேற்று வந்ததன்று. தமிழர்தம் பழைய இலக்கியங்கள், சிறுமியர் மணலிற் கட்டிய வீட்டைச் சிற்றில் என்றும், அதில் ஆக்கிய பொய்ச் சோற்றைச் சிறுசோறு என்றும் வழங்கின. தோழியர் கட்டிய சிற்றிலைக் காலாற் சிதைத்துக் குறும்பு செய்த சிறுவனைப் பற்றிய நினைவு, கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் ஒரு சிறு நாடகம்போல அமைந்துள்ளது. சிற்றிலைச் சிதைக்க வேண்டாவெனக் கண்ணனை இறைஞ்சுவதாக ஆண்டாள் ஒரு பதிகமே பாடினார். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று சிற்றிற் பருவம். குழந்தையின் மணல் வீட்டுக்கும் பொய்ச் சோற்றுக்கும் காதற் பாட்டிலும் பக்திப் பாட்டிலும் இடம் தந்த மக்கள், அவ்விளையாட்டை அற்பமென்று கருதியிருக்க இயலாது.

யாழ்ப்பாணத்தில் குழந்தைகள் சோறு கறி ஆக்கி விளையாடுவர். பனையோலையால் இழைத்த சிறு சுளகும் சிறு பெட்டியும் அவர்களுக்குக் கிடைத்தன. மலைநாட்டுத் தோட்டங்களில் இதுவே கூட்டாஞ்சோறு எனப்படும். கடுகண்ணாவையைச் சூழ்ந்த சிங்கள ஊர்களில் இதன் பெயர் செல்லம் கெதர. கெதர என்பது வீடு. செல்லம் என்பது சிங்களத்தில் விளையாட்டு. செல்லம் என்ற சொல் தமிழ்ச் செவியில் அன்பின் பெயராக ஒலிக்கிறது. சிங்களச் செவியில் விளையாட்டின் பெயராக ஒலிக்கிறது. வேலிக்கு இருபுறமும் வாழும் குழந்தைகள் ஒருவர் மொழியை மற்றவர் முழுதும் அறியுமுன்னரே, ஒருவர் சிரட்டையில் மற்றவர் பரிமாறிய மண்சோற்றை உண்டு வளர்கின்றனர்.

கடலுக்கு அப்பாலும் இவ்வாறே. செருமனி நாட்டு நூரன்பேர்க் நகரம் சிறிய சமையலறைகள் செய்வதிற் பெயர் பெற்றது. அத்தகைய விளையாட்டுச் சமையலறை இன்றும் அந்நகரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அந்நகரத்து அன்னா கேஃபர்லின் என்னும் அம்மையார், 1631ஆம் ஆண்டில் பெரிய பாவைவீடு ஒன்றை அமைத்து மக்கள் காண வைத்தார். வீட்டுப் பொருள்கள் எவை, அவை எங்கே எவ்வாறு வைக்கப்படவேண்டும் என்பதைச் சிறுவர் கண்டு கற்க வேண்டுமென்பது அவர் நோக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தகரத்தால் அடுப்புகள் செய்து, எரிசாராயம் வார்த்து, உண்மையாகவே தீ மூட்டும் விளையாட்டுச் சமையலறைகளும் ஐரோப்பாவில் எழுந்தன. பெண் குழந்தையை இளமையிலேயே இல்லறத்துக்குப் பழக்குவது பெரியோரின் கருத்தாயிருந்தது.

ஆனால் குழந்தையின் கருத்து அதுவன்று. குழந்தை எதிர்காலத்தில் நல்ல சமையற்காரராகும் பொருட்டு மண்ணைப் பிசைவதில்லை. நாள்தோறும் தன்னைச் சுற்றி நிகழ்வதைத் தன் கைக்கு அடங்கிய அளவில் மீண்டும் நிகழ்த்திப் பார்த்து, அதன் பொருளை அறியவே முயல்கிறது. உருசிய நாட்டு உளநூல் அறிஞர் வைகாட்ஸ்கி 1933இல் நிகழ்த்திய விரிவுரை ஒன்றில், பாவனை விளையாட்டின் இரு பண்புகளை எடுத்துக்காட்டினார். ஒன்று, அதில் ஒரு பொருள் மற்றொரு பொருளாகக் கொள்ளப்படுகிறது, கோல் குதிரையாகிறது. மற்றொன்று, அவ்விளையாட்டில் விதியுண்டு. விதி இல்லாத விளையாட்டே இல்லை.

இவ்விரண்டையும் எந்த முற்றத்திலும் காணலாம். பலா இலை அப்பளமாகிறது. செங்கற் பொடி மிளகாய்த் தூளாகிறது. பொருளின் உருவத்தை விட்டு அதன் கருத்தைப் பற்றிக்கொள்ளும் இத்திறமையே, பின்னர் எழுத்தை ஒலியாகவும் எண்ணை அளவாகவும் கொள்ளும் திறமைக்கு அண்ணனாகும். அன்றியும், விளையாட்டுச் சோறு வேகுமுன் பரிமாறலாகாது. விருந்தினர் அமருமுன் உண்ணலாகாது. அம்மாவாக நடிப்பவள் அழலாகாது. உண்மை உணவுக்கு ஐந்து நிமிடம் பொறுத்திராத குழந்தை, பொய் உணவுக்காகக் கால் மணி நேரம் காத்திருக்கிறது. தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் கல்வி இவ்வாறு தண்டனையின்றி நடைபெறுகிறது.

இதிலிருந்து விளையாட்டுச் சமையலறையைத் தெரிந்தெடுப்பதற்குரிய அளவுகோல் தானே கிடைக்கிறது. எந்தப் பொருள் குழந்தைக்கு மிகுதியான வேலையை விட்டுவைக்கிறதோ அதுவே நல்லது. பொறியே கொதித்து, பொறியே பாடி, பொறியே மணியடிக்குமாயின், குழந்தைக்கு எஞ்சுவது பொத்தானை அழுத்தும் வேலை மட்டுமே. சில நாள்களில் அது சலித்துவிடும். வெறும் மண்சட்டியோ ஒலி செய்வதில்லை. ஆதலால் கொதிக்கும் ஒலியைக் குழந்தையே தன் வாயால் எழுப்ப வேண்டியிருக்கிறது. அதிலிருக்கும் கறி நாளுக்கொரு கறியாக மாறலாம். பிளாஸ்டிக் முட்டை என்றும் முட்டையே. கூழாங்கல்லோ இன்று முட்டை, நாளை உருளைக்கிழங்கு, மறுநாள் மாசித்துண்டு.

எனினும் வயதறிந்து செய்தல் வேண்டும். ஒன்றரை வயதிற்கும் இரண்டு வயதிற்கும் இடையே பாவனை தோன்றத் தொடங்குகிறது. அப்பொழுது குழந்தைக்கு உண்மைப் பொருளை ஒத்த உருவம் துணைசெய்யும். கோப்பை கோப்பைபோல் இருந்தால்தான் அதனால் பருகுவதுபோல் நடிக்கும். அந்த வயதில் ஒரு சட்டி, ஓர் அகப்பை, இரண்டு கோப்பைகள் போதும். மூன்று நான்கு வயதில் பிறரைச் சேர்த்துக்கொண்டு ஆடத் தொடங்கும். அப்பொழுது தட்டுகளின் எண்ணிக்கை கூடலாம். ஐந்து வயதில் உருவ ஒற்றுமை அவ்வளவு வேண்டுவதில்லை; ஒரு மரப்பெட்டியே அடுப்பும் அலுமாரியும் கடையுமாகும். வயது ஏற ஏறப் பொருளின் நுணுக்கம் குறைந்து, கற்பனையின் இடம் பெருக வேண்டும். கடைகள் பெரும்பாலும் இதற்கு மாறாகவே விற்கின்றன.

இவ்வாறு நோக்குமிடத்து, கடுகண்ணாவை வாழும் பெற்றோர் ஒரு வகையில் நற்பேறுடையவர். கணவாயின் வழியே கொழும்பு கண்டிப் பெருவீதி ஏறுகிறது. அவ்வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுந்த கோபுரம் அங்கே நிற்கிறது. வீதியின் இரு பக்கங்களிலும் கைத்தொழில் ஊர்கள் உள்ளன. மலையிறங்கி மாவனெல்லையைக் கடந்து கேகாலையை நோக்கிச் செல்வோர், மொலகொடையில் மண்பாண்டங்கள் வீதியோரம் அடுக்கப்பெற்றிருக்கக் காண்பர். எதிர்த்திசையில் கண்டியை நோக்கிச் சென்றால், பிலிமத்தலாவையில் பித்தளைப் பாத்திரங்கள் விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. கண்டி நாட்டுக் குயவர், கன்னார், தச்சர் ஆகியோரின் தொழில்களையெல்லாம் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி ஆராய்ந்து, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலில் எழுதிவைத்தார். அத்தொழில்களின் வழிவந்த கைகள் வனைந்த சிறு சட்டியும் சிறு முட்டியும், கடற்கரை கடந்து வந்த பிளாஸ்டிக் அடுப்பினும் எளிய விலையில் கிடைக்கக் கூடியவை.

மண்சட்டிக்கு ஒரு குறை கூறுவர். அது உடைந்துவிடும் என்பர். உண்மை. ஆனால் உடையும் பொருளே மெல்ல எடுக்கக் கற்பிக்கிறது. உடைந்தால் துயரமும், மற்றொன்று வாங்கலாமென்ற ஆறுதலும் குழந்தைக்குச் சிறிய அளவில் அறிமுகமாகின்றன. கூரிய ஓட்டை உடனே பெரியவர் பொறுக்கி எறிதல் வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பிறவற்றைக் கடையில் தேட வேண்டுவதில்லை. தேய்த்து மழுக்கிய சிரட்டை கிண்ணமாகும். சிரட்டையிற் சிறு கோலைப் பொருத்தினால் அகப்பையாகும். பழைய மரப்பலகையைக் கவிழ்த்து அதன்மேல் மூன்று கற்கள் வைத்தால் அடுப்பாகும்.

இங்கே மற்றொரு செய்தியும் கருதற்குரியது. விளையாட்டுச் சமையலறை யாருடைய சமையலறையின் வடிவில் இருத்தல் வேண்டும்? கடையில் நிற்கும் பிளாஸ்டிக் அறையில் போறணை உண்டு, திருவலை இல்லை. பாண் உண்டு, புட்டு இல்லை. நுண்ணலை அடுப்பு உண்டு. அம்மி இல்லை, சுளகு இல்லை, இடியப்பத் தட்டு இல்லை. தன் வீட்டிற் காணாதவற்றைக் கொண்டு ஆடும் குழந்தை, அவற்றின் பயனை அறியாமல் வெறுமனே திறந்து மூடுகிறது. தாய் தேங்காய் துருவுவதை நாள்தோறும் காணும் குழந்தைக்கு ஒரு சிறு திருவலை கிடைத்தால், முனையில் பல் இல்லாத மரத் திருவலையே ஆயினும், அது செய்யும் சம்பலுக்கு முடிவே இராது. வாயு அடுப்புள்ள வீட்டுக் குழந்தை வாயு அடுப்பை வேண்டுவதும் இயல்பே. தட்டையான பெட்டியில் இரண்டு வட்டம் வரைந்தால் அது அமைந்துவிடும். தன் வீட்டு அடுப்பு விளையாட்டிலும் இடம் பெறத்தக்கது என்று குழந்தை உணர்வது சிறிய செய்தியன்று. அடுத்த வீட்டுப் போறணையே உயர்ந்தது, தன் தாயின் மண்ணடுப்பு தாழ்ந்தது என்ற எண்ணம் ஐந்து வயதிலேயே வேரூன்றினால், பின்னர் அதனைக் களைவது அரிது.

இடத்தையும் எண்ண வேண்டும். தோட்டங்களில் லயன் காம்பராக்களில் வாழும் குடும்பங்களுக்கு, ஓர் அறையும் இஸ்தோப்புமே பெரும்பாலும் வீடு. அங்கே தோளளவு உயரமான பிளாஸ்டிக் அறை எங்கே நிற்கும்? ஒரு கூடையில் அடங்கி, இரவில் கட்டிலின் கீழே செல்லும் பொருள்களே அத்தகைய வீட்டுக்கு ஏற்றவை. தாய்மார் கொழுந்து பறிக்கச் சென்ற வேளையில் குழந்தைகளைப் பேணும் பிள்ளைக் காம்பராவிலோ, பல குழந்தைகள் ஒன்றாக ஆடுவதால், நின்று சமைக்கும் மேசை ஒன்று இருப்பது பயன்படும். அவ்வாறு நிற்கும் மேசையைச் செய்விக்குங்கால், மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 95 சென்டிமீற்றர் என்பதை நினைவிற் கொள்ளலாம். மேசையின் மேற்பலகை குழந்தையின் முழங்கைக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 45 முதல் 50 சென்டிமீற்றர் உயரத்தில் இருந்தால் கை நோகாது. குழந்தை பற்றி ஏறினாலும் கவிழாதபடி அடி அகன்றும், சுவரோடு பிணித்தும் இருத்தல் வேண்டும்.

இனி, அழகைவிட முதன்மையான பாதுகாப்பு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை எதனையும் வாயில் இட்டுப் பார்க்கும். அதன் தொண்டையை அடைக்கக் கூடிய துண்டுகளை அளந்தறிய, விளையாட்டுப் பொருள்களைச் சோதிப்போர் 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளை ஒன்றைக் கையாளுகின்றனர். அவ்வுருளைக்குள் முழுதும் அடங்கும் எந்தத் துண்டும் அவ்வயதுக் குழந்தைக்கு ஆகாது. பிளாஸ்டிக் பட்டாணியும் முட்டைப் பாதியும் மட்டுமல்ல, உண்மைக் கடலையும் கௌபீயும் பயறும் இவ்விதிக்கு உட்பட்டவையே. அவை மூக்கினுள் சென்று வீங்கி மருத்துவரிடம் ஓடச் செய்யும்.

ஒளியும் ஒலியும் உள்ள பொருள்களில் நாணயம்போன்ற சிறிய மின்கலம் இருக்கக் கூடும். அதனைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உள்ளே கடுமையான புண் உண்டாகலாம். வெளியே எந்த அடையாளமும் தெரியாமலும் இருக்கலாம். ஆதலின், மின்கல அறை திருகாணியால் மூடப்பட்டிராத எதனையும் வாங்குதல் தகாது. விழுங்கியதாக ஐயம் எழுந்தால் ஒரு நொடியும் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். வர்ணம் பூசிய பொருள்களில் ஈயம் கலந்திருத்தல் மற்றோர் ஆபத்து. ஈயம் வளரும் மூளையைத் தாக்கும். விளையாட்டுப் பொருள்களுக்குரிய வர்ணத்தில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்னும் வரம்பு இலங்கையில் 2013ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. கண்ணால் ஈயத்தைக் காண இயலாதாகையால், செய்தவர் பெயரும் சோதனைக் குறியும் இல்லாத, வர்ணம் உதிரும் மலிவுப் பொருளைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. வர்ணமே பூசாத மண்ணும் மரமும் இக்கவலையைப் பெரும்பாலும் நீக்குகின்றன.

வீட்டுப் பொருள்களைக் கொண்டு விளையாடுவதிலும் எச்சரிக்கை தேவை. மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, வெண்மையாக்கும் திரவம் ஆகியவை இருந்த வெற்றுப் போத்தல்களை எவ்வளவு கழுவினாலும் விளையாடக் கொடுத்தலாகாது. எஞ்சிய துளி ஒரு தீங்கு. அவ்வடிவமுள்ள போத்தல் விளையாட்டுக்குரியது என்ற எண்ணம் அதனினும் பெருந்தீங்கு. இன்று வெற்றுப் போத்தலைச் சாய்த்துப் பருகுவதுபோல் நடித்த குழந்தை, நாளை நிறைந்த போத்தலையும் அவ்வாறே சாய்க்கும்.

தோட்டத்திலிருந்து பறிக்கும் காய்கறியும் அத்தகையதே. மஞ்சள் அலரியின் காய் குழந்தைக்குக் கறிக்காய்போலத் தோன்றும். அதன் விதை இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு. சிவப்பும் கறுப்புமான குன்றிமணி, ஆமணக்கு விதை, ஊமத்தங்காய், கார்த்திகைப் பூவின் கிழங்கு ஆகியவையும் நஞ்சே. அவற்றை வீட்டைச் சுற்றி வளரவிடாமல் இருப்பது நன்று. வளர்ந்திருப்பின், விளையாடத் தொடங்கும் நாளிலேயே குழந்தையின் கையைப் பிடித்துச் சென்று, இவை நம் சமையலுக்கு ஆகாதவை என்று ஒவ்வொன்றாகக் காட்டுதல் வேண்டும். பலா இலையும் செவ்வரத்தம் பூவும் ஆகும் என்று கூடவே காட்டினால், குழந்தை அதனைத் தடையாகக் கொள்ளாது, சமையலின் விதியாகவே கொள்ளும்.

மழை மிகுந்த மலைச்சரிவில் வாழ்வோர் மறக்கலாகாத செய்தி இன்னும் ஒன்றுண்டு. முற்றத்தில் விட்டுச்சென்ற சட்டியிலும் சிரட்டையிலும் மழைநீர் தேங்கும். டெங்கு நோயைப் பரப்பும் நுளம்பு அத்தகைய தெளிந்த சிறு நீரிலேயே முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் அது சிறகு முளைத்து வெளிவரும். 2017ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். ஆதலால், விளையாட்டு முடிந்ததும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதும், கைகளைச் சவர்க்காரம் இட்டுக் கழுவுவதும் விளையாட்டின் கடைசிப் பகுதியாகவே அமைதல் நன்று. சமைத்தவரே பாத்திரம் கழுவுவர் என்ற விதியைக் குழந்தைகள் மகிழ்வோடு ஏற்பர்.

இவ்விளையாட்டு பெண் குழந்தைக்கே உரியதா? முற்காலத்தார் அவ்வாறு எண்ணினர். இன்றும் பல தந்தையர் எண்ணுகின்றனர். மகன் அகப்பையைத் தொட்டால் முகஞ்சுளிப்போரும் உளர். ஆனால் கடுகண்ணாவைச் சிறுவன் தன் ஊர் வீதியில் காண்பது யாது? தேநீர்க் கடையில் தேநீர் ஆற்றுபவர் ஆண். கொத்து ரொட்டி கொத்துபவர் ஆண். இரும்புத் தட்டின்மேல் இரு தகடுகள் எழுப்பும் அத்தாளம் அந்தி வேளையில் பல கடைகளிலிருந்து கேட்கும். அதனைக் கேட்ட சிறுவன் வீட்டுக்கு வந்து இரு பலகைத் துண்டுகளால் வாழையிலையைக் கொத்துவது வியப்பன்று. அவனைத் தடுப்பது, அவன் கண்டறிந்த உலகத்தின் ஒரு பாதியை மறைப்பதாகும். தமக்கையும் தம்பியும் ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொண்டு, இன்று ஒருவர் சமைக்க மற்றவர் விருந்தினராகவும், நாளை மாறியும் ஆடினால், பிற்காலத்தில் ஒரு வீட்டின் பாரம் ஒருவர் தோளிலேயே விழாதிருக்க அது சிறிதேனும் துணைபுரியும்.

இனி விலையும் அயலாரும். அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் பெரிய பிளாஸ்டிக் சமையலறை வந்துவிட்டது. இந்த வீட்டுக் குழந்தை தன் மண்சட்டியை வேண்டாவென எறிந்து அழுகிறது. பெற்றோர் பலருக்கு இதுவே மெய்யான இடர். இந்த அழுகையும் பழையதே. சூத்திரகர் வடமொழியில் இயற்றிய நாடகத்தில், சாருதத்தன் என்னும் வறிஞனின் மகன், அயல்வீட்டுச் சிறுவனின் பொற்றேரைக் கண்டபின் தன் மண்தேரை வெறுத்து அழுகிறான். அதனைக் கண்ட வசந்தசேனை, பொற்றேர் செய்துகொள்ளுமாறு தன் அணிகலன்களைக் கழற்றி அம்மண்தேரில் இட்டு நிரப்புகிறாள். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அந்நாடகத்தை மண்ணியல் சிறுதேர் என்ற பெயரால் தமிழாக்கினார். அந்த அணிகலன்களே பின்னர்ச் சாருதத்தனைக் கொலைக்களம் வரை கொண்டுசெல்லும் பழிக்குச் சான்றாகி நின்றன என்பதும் அந்நாடகத்தின் கதை.

அழும் குழந்தையை ஏளனம் செய்தலும் தகாது. கடன்பட்டுப் பொற்றேர் வாங்குதலும் தகாது. குழந்தை வேண்டுவது பெரும்பாலும் பிளாஸ்டிக்கை அன்று. அடுத்த வீட்டுக் குழந்தையோடு சேர்ந்து ஆடுவதையே. தன் வீட்டிலும் விருந்தினர் வரத்தக்க ஒரு சமையலறை இருக்க வேண்டுமென்பதே அதன் ஏக்கம். ஆகவே தந்தையோ தாயோ அன்று மாலை பத்து நிமிடம் தரையில் அமர்ந்து, அந்த மண்சட்டியிலிருந்து ஒரு கோப்பை பொய்த் தேநீர் வாங்கி, சீனி கூடிவிட்டது என்று குறைகூறினால், அழுகையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். குறைகூறும் விருந்தினர் வாய்த்தால் சமைப்பவருக்கு உற்சாகம் பிறப்பது இயற்கை. பிளாஸ்டிக் சமையலறையை வாங்க வசதியுள்ளோர் வாங்குவதிலும் குற்றமில்லை. மேலே கூறிய பாதுகாப்பை நோக்கி, துண்டுகள் குறைவானதாக, ஒலி இல்லாததாகத் தெரிந்து வாங்கலாம். ஆயினும் அங்கேயும் விருந்தினர் வேண்டும்.

முடிவாக ஒன்று. விளையாட்டுச் சமையலறைக்கு அப்பால் உண்மைச் சமையலறை ஒன்று வீட்டில் இருக்கிறது. 1907ஆம் ஆண்டு ரோமாபுரியின் ஏழை மக்கள் பகுதியில் தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொண்டிசோரி அம்மையார், அங்கே அழகிய விளையாட்டுப் பொருள்கள் இருந்தும் குழந்தைகள் அவற்றை நாடாமல் உண்மையான வேலைகளையே நாடியதாக எழுதினார். அவர் 1939இல் இந்தியாவுக்கு வந்து, 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்களைப் பயிற்றினார். பாவனை விளையாட்டின் பயன்பற்றி அவர் கருத்தும் வைகாட்ஸ்கியின் கருத்தும் ஒன்றல்ல. ஆனால் தமிழ் வீட்டுத் தாய்க்கு இருவரும் தேவை. நெருப்பும் கத்தியும் எட்டாத இடத்தில் அமர்த்தி, மூன்று வயதுக் குழந்தையிடம் வல்லாரையின் இலை ஆய்வதையும், அரிசி களைவதையும், பெரிய வெங்காயத்தின் மேல்தோலை உரிப்பதையும் ஒப்படைக்கலாம். அவ்வேலை முடிந்ததும் அது தன் சட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்திற்குச் செல்லும். கண்டதை அங்கே மீண்டும் ஆக்கிப் பார்க்கும். உண்மைச் சமையலறையிலிருந்து விளையாட்டுக்கும், விளையாட்டிலிருந்து உண்மைக்கும் செல்லும் வழி திறந்திருத்தல் வேண்டும்.

ஆகவே, கண்டிக் கடையில் விலைச் சீட்டைப் பார்த்து நிற்கும் பெற்றோர் தம்முள் நான்கு வினாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். இது குழந்தையின் உடலுக்குத் தீங்கற்றதா? இதில் குழந்தை செய்ய வேண்டிய வேலை எவ்வளவு எஞ்சியுள்ளது? நம் வீட்டு அடுப்பை இது நினைவூட்டுகிறதா? வேறொரு குழந்தையோடு பகிர்ந்து ஆட இடந்தருகிறதா? நான்குக்கும் விடை ஆம் என்றால், விலை சிறிதாயினும் பெரிதாயினும் அது நல்ல பொருள். விடை இல்லை என்றால், வெறுங்கையோடு திரும்புவதில் வெட்கமில்லை. மொலகொடையில் சட்டி கிடைக்கும். வீட்டில் சிரட்டை கிடைக்கும். முற்றத்தில் மண் இருக்கிறது. மாலையில் விருந்துண்ண அழைப்பு வரும்பொழுது, கையிலுள்ள வேலையைச் சற்றே நிறுத்திவிட்டுப் பெரியவர்கள் சென்று அமர்வார்களாக.